ஐப்பசி மழைக்கு முன் லேப்டாப் பையைப் பாருங்கள்

புரட்டாசி முடியப்போகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். கல்வராயன் மலையில் அதற்கு முன்பே சாயங்கால இடிமழை பிடித்துக்கொள்ளும். வெள்ளிமலையிலும் சுற்று ஊர்களிலும் லேப்டாப் வைத்திருக்கிற மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள் பையை மாற்றுவதானாலும் சரிபார்ப்பதானாலும் இந்த வாரமே செய்துவிடுங்கள். தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-இல் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று அறிவித்தது. மலையிலிருந்து கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் என்று படிக்கப் போகிற பிள்ளைகள் பலருக்கு வீட்டிலுள்ள ஒரே கணினி அதுதான். கெட்டுப்போனால் இன்னொன்று வாங்க வழியிருக்காது. இங்கே பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வதே ஒரு பயணம். இந்த மலை மக்களின் நிலையை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது சாலை வசதியும் பேச்சாக இருந்தது. நடந்தும் பைக்கிலும் நனைந்து வருகிறவருக்குத் தேவையான பை வேறு, காரில் அலுவலகம் போகிறவருக்குத் தேவையான பை வேறு. கடைக்காரரிடம் இதைச் சொல்லியே கேளுங்கள்.

முதலில் கையில் இருக்கும் பையைச் சோதியுங்கள். லேப்டாப்பை வெளியே எடுத்துவிட்டு, அது இருக்கும் அறையில் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து வையுங்கள். ஜிப்பை முழுதாக மூடி, முதுகில் தொங்குகிற மாதிரியே பையை நிமிர்த்தி ஆணியில் மாட்டுங்கள். மேலிருந்து செம்பால் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். மேல் விளிம்பில் நீளக் கோடாக ஈரம் இருந்தால் தண்ணீர் ஜிப் வழியாக வந்திருக்கிறது. மேல்மூலைகள் இரண்டும் நனைந்திருந்தால் தோள் வார் தைத்த ஊசித்துளை வழியாக இறங்கியிருக்கிறது. தாள் முழுக்கப் பரவலாகச் சொதசொதத்தால் துணியே போய்விட்டது, அந்தப் பையை இனி புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்பும் தையலும் மட்டும்தான் என்றால் பையை மாற்ற வேண்டாம், மேலே போடுகிற ரெயின் கவர் ஒன்று வாங்கினால் போதும்.

பையின் உட்புறத்தையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடிப் பொடியாக உதிர்ந்தாலோ தண்ணீரைத் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிட்டது என்று பொருள். ஈரக்காற்றில் இந்தப் பூச்சு ஆண்டுக்கணக்கில் தானாகவே சிதையும். ஒருநாளும் தோளில் மாட்டாமல் பரணில் கிடந்த பைக்கும் இது நேரும். ரெக்சின் பைகள் செதில் செதிலாக உரிவதும் பெரும்பாலும் இதனால்தான். மலைக்கு ரெக்சின் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

புதிதாக வாங்குகிறவர்கள் துணியில் டெனியர் என்ற எண்ணைக் கேளுங்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுவே அந்த நூலின் டெனியர். 600 டெனியர் பாலியஸ்டர் நல்ல நெசவாக இருந்தால் கல்லூரி மாணவருக்குப் போதும். தினமும் பைக்கில் போகிறவர் 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலான் வாங்கினால் சேறு, உராய்வு எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் கனம் கூடுதல். எண்ணை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். தோள் வார் பையோடு சேரும் இடத்தில் கட்டமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை வரித் தையல் என்றால் விலை எதுவானாலும் வைத்துவிடுங்கள். ஜிப்பைத் திறந்து மூடி, வளைவில் ரன்னர் சிக்குகிறதா என்று பாருங்கள். பிரதான அறைக்கு 8-ஆம் எண் ஜிப் நல்லது, 5-ஆம் எண் புத்தகம் அடைத்த பையில் சீக்கிரம் வாய்பிளக்கும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது அடிப்பகுதியை. பேருந்தில் ஏறியதும் பையைத் தரையில் தொப்பென்று வைக்கிறோம். மழைநாளில் அந்தத் தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப் அறை பையின் அடிவரை போனால் அடியும் ஈரமும் லேப்டாப்பின் மூலையில்தான் விழும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நல்ல பையில் லேப்டாப் அறை அடியைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் தொங்கும். கடையில் இருக்கிற பத்துப் பையில் இரண்டு மூன்றுதான் இப்படி இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் அடியில் கெட்டியான ஃபோம் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள்.

உறை என்கிற ஸ்லீவ் வாங்கும்போது லேப்டாப்பையே கொண்டுபோங்கள். 14 அங்குலம், 15.6 அங்குலம் என்பதெல்லாம் திரையின் மூலைக்கு மூலை அளவு. உடலின் அகலமும் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உறைக்குள் லேப்டாப் ஆடினால் அந்த உறையால் பயனில்லை. நியோப்ரீன் உறை அதிர்ச்சியைத் தாங்கும், ஆனால் அதன் தையலிலும் ஜிப்பிலும் தண்ணீர் நுழையும். அதனால் உறைக்கு மேல் கெட்டியான பாலிதீன் கவர் ஒன்றை மாட்டி, வாயை இரண்டு சுற்று மடித்துக்கொள்ளுங்கள். சில ரூபாயில் முடிகிற இந்தக் கவர் விலையுயர்ந்த பை செய்யாததைச் செய்யும். லேப்டாப்பை முழுதாக அணைத்த பிறகே உள்ளே வையுங்கள். ஸ்லீப்பில் விட்டால் சில சமயம் தானே விழித்துக்கொண்டு கவருக்குள் வெந்துபோகும்.

சார்ஜரை அந்த அறையில் சேர்க்காதீர்கள். கூட்டத்தில் யாராவது சாய்ந்தால் சார்ஜர் கட்டி திரையை அழுத்தி உடைத்துவிடும். தண்ணீர் பாட்டிலும் குழம்பு டப்பாவும் பையின் வெளிப்பக்கம் இருக்கட்டும், முடிந்தால் தனிப் பையில். வளைவுகளில் பேருந்தின் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிமலையில் விடியற்காலைக் குளிரில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டிக் கீழே புழுக்கத்துக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பூக்கும். பையிலேயே அரைமணி நேரம் இருந்து சூடு சமமாகட்டும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பையைக் காலி செய்து, ஜிப்களைத் திறந்து, காற்றோட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு அருகே காயவைத்தால் பூச்சு கெடும்.

இத்தனைக்கும் மீறி நனைந்துவிட்டால் உடனே அணையுங்கள். வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் சார்ஜில் செருகுவதும்தான் உள்ளே போர்டை எரிக்கும். அரிசியில் புதைப்பதாலும் பயனில்லை, தூசிதான் ஏறும். துடைத்துவிட்டு, விசைப்பலகை கீழே பார்க்கும்படி கூடாரமாகக் கவிழ்த்து வைத்து, மறுநாளே கள்ளக்குறிச்சியில் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோங்கள். நனைந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் முதலில் பேட்டரியைக் கழற்றுவார்.