காலத்தே அறிதல்

பாக்கு நீரிணையை அடுத்த கடற்கரையூர் மணமேல்குடி. கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியே செல்கின்றது. ஊர்திகள் விரையும் அச்சாலையில் விபத்து நேருமாயின், காண்போர் கண்ணிற் படுவன குருதியும் முறிந்த எலும்புமே. ஆயின், கண்ணுக்குப் புலப்படாத கேடும் ஒன்று உண்டு. அது சிறுநீரகத்துக்கு நேரும் ஊறாகும்.

சிறுநீரகங்கள் அவரை விதை வடிவின. முதுகெலும்பின் இரு மருங்கும் அமைந்தவை. நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதிற் பெரும்பகுதியை மீண்டும் குருதியிற் சேர்ப்பவை. குருதி மிகுதியாக வெளியேறின், இவற்றுக்குச் செல்லும் குருதி குறையும். தசை நசுங்கின், மயோகுளோபின் என்னும் புரதம் குருதியிற் கலந்து இவற்றின் நுண்குழல்களைச் சிதைக்கும்.

இவ்வுண்மையை உலகுக்கு விளங்க உரைத்தோர் பைவாட்டர்ஸ், பீல் என்னும் அறிஞர் இருவர். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மாநகர் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. இடிபாடுகளினின்று மீட்கப்பெற்றோருள் சிலர் முதலில் நலமுற்றோர் போலத் தோன்றிச் சின்னாளில் சிறுநீர் குன்றி மாண்டனர். அந்நிலையை அவ்விருவரும் 1941-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். 1999-இல் துருக்கியில் நேர்ந்த மர்மரா நிலநடுக்கத்தில் 639 பேர் சிறுநீரக ஊறுற்றனர். அவருள் 477 பேருக்குப் பொறியால் குருதியைத் தூய்மை செய்ய வேண்டியதாயிற்று.

இக்கேட்டை முன்னரே அறிவது எங்ஙனம்? குருதியில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் மிகுதல் ஓர் அடையாளம். ஆனால், ஊறு நேர்ந்த பின்னர் அது புலப்பட ஒன்றிரண்டு நாள் செல்லும். ஆதலின், மருத்துவர் சிறுநீரின் அளவை மணிதோறும் நோக்குவர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டருக்கும் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் கழியின், அது கேட்டின் அறிகுறி. கடுந்தேநீர் போன்ற நிறமும் எச்சரிக்கையே. சில மணி நேரத்திலேயே குறிகாட்டும் புரதங்களையும் அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2021-இல் தொடங்கிற்று. சிறுநீரகத்தைக் காக்க உரிய காலமும் அதுவே.

மாணவர்களே! விபத்தைக் காணின் 108 எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். அடிபட்டவர் எத்துணை நேரம் சுமையின்கீழ்ச் சிக்கியிருந்தார் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். வலி தீர்க்கும் மாத்திரைகளுள் சில சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யுமாதலின், அவற்றைத் தாமே கொடுத்தல் தகாது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.