தெளிந்த நீரும் தூய நீரும்: கடல்நீர் மீன்தொட்டியில் வடிகட்டல்

தோற்றுவாய்

கடலுக்குத் தமிழில் பெயர்கள் பல. ஆழி, பௌவம், பரவை, முந்நீர் எனப் புலவர் பலவாறாக அதனை வழங்கினர். இவற்றுள் முந்நீர் என்னும் சொல்லுக்கு உரையாசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் தந்துள்ளனர். ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூன்றும் கூடியது என்பது ஒன்று. படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று செய்கைகளையும் உடைய நீர் என்பது மற்றொன்று. பின்னைய விளக்கம், கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து அதில் மீன் வளர்க்க முற்படுவோர் மனங்கொள்ளத் தக்கது. உயிரைக் காக்கும் அதே நீர், பேணும் முறை பிழைத்தால் சில நாள்களிலேயே உயிரை அழித்தும்விடும். அவ்வாறு நேராமல் காப்பது வடிகட்டலே. முதன்முதலாகக் கடல்நீர்த் தொட்டி அமைப்போர் அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாம் பெற்ற பட்டறிவு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நூறு லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றை அமைத்தோம். கடலுப்புக் கலவையை நீரில் கரைத்து, கடையில் வாங்கிய வடிகட்டியைப் பொருத்தி, ஓரிரவு ஓடவிட்டோம். மறுநாள் காலையில் நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. வடிகட்டி தன் பணியைச் செவ்வனே செய்கிறது என மகிழ்ந்து, அன்று மாலையே இரண்டு கோமாளி மீன்களை வாங்கி விட்டோம். நான்காம் நாள் அவை நீர்மட்டத்தை ஒட்டி நின்று விரைவாக மூச்செறிந்தன. ஆறாம் நாள் ஒன்றும் எட்டாம் நாள் மற்றொன்றும் இறந்தன. அப்போதும் நீர் தெளிவாகவே இருந்தது. அந்தத் தெளிவே நம்மை ஏமாற்றியது. தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு என்பதை இரண்டு உயிர்களை இழந்த பின்னரே அறிந்தோம். இப்பிழை மாணவர்க்கு நேரலாகாது என்பதே இதனை எழுதுவதன் நோக்கமாகும்.

தொட்டியில் நிகழ்வது யாது?

மீன்கள் தம் உடற்கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றன. உண்ணாது எஞ்சிய உணவு அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. எல்லையற்ற கடலில் இது கரைந்து மறைந்துவிடும். தொட்டியிலோ செல்லுதற்கு இடமின்றி நாள்தோறும் பெருகும். இதற்கு நிறமில்லை. ஆதலின் கண்ணால் இதனை அறிய இயலாது.

நன்னீர்த் தொட்டியைக் காட்டிலும் கடல்நீர்த் தொட்டியில் இத்தீங்கு மிகுதி. நீரிலுள்ள அம்மோனியா இரு வடிவங்களில் நிற்கும். அம்மோனியம் அயனியாக நிற்கும் பகுதியால் தீங்கு குறைவு. தனி அம்மோனியாவாக நிற்கும் பகுதியே செவுளைத் தாக்கும் நஞ்சு. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட நஞ்சான பகுதியும் கூடும். நடுநிலையான நன்னீரில், அதாவது பி.எச். அளவு 7 ஆக உள்ளபோது, அப்பகுதி மிகச் சிறிது. கடல்நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2. அந்நிலையில் அப்பகுதி பத்து மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவரும் கடல்மீனை இழப்பதற்கு இது முதன்மையான காரணம் எனலாம்.

ஷ்லோசிங்கின் கண்ணாடிக் குழாய்

அம்மோனியாவை அகற்றுவது எது என்பதை அறிவியல் உலகிற்கு உணர்த்திய ஆய்வு ஒன்று 1877இல் பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்தூளையும் நிரப்பி, அதன்வழியே சாக்கடை நீரைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டனர். முதல் இருபது நாள்கள் வரை அம்மோனியா மாற்றமின்றியே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட்டு தோன்றத் தொடங்கி, அம்மோனியா மறைந்தது. பிறகு குழாயில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர். உடனே மாற்றம் நின்றுபோயிற்று. வேதிவினை மட்டுமாயின் அது தொடக்க நாளிலேயே நிகழ்ந்திருத்தல் வேண்டும். மயக்க மருந்தால் நின்றிருக்கவும் கூடாது. எனவே இது உயிருள்ளவற்றின் செயலே என்று அவர்கள் தெளிந்தனர். 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு முன்னவற்றினும் மிகக் குறைவு. இம்மாற்றத்தை நிகழ்த்துவன பாக்டீரியாக்கள் மட்டுமே என நெடுங்காலம் கருதப்பெற்றது. அமெரிக்காவில் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டியிலிருந்து, அம்மோனியாவை மாற்றவல்ல ஆர்க்கியா என்னும் வேறோர் உயிர்ப்பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பெற்ற செய்தி 2005இல் வெளியாயிற்று. மீன்தொட்டியே ஆய்வுக்களமாகவும் விளங்கியமை இங்குக் கருதத்தக்கது.

ஷ்லோசிங்கின் குழாயில் இருபது நாள்கள் யாதொன்றும் நிகழாதது போலத் தோன்றியதை மாணவர்கள் நினைவிற் கொள்க. அந்நாள்களில் கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் மணற்பரப்பில் பெருகிக்கொண்டிருந்தன. நம் தொட்டியில் நாம் கொடுக்கத் தவறியது அந்த நாள்களையே.

மூவகை வடிகட்டல்

வடிகட்டலை மூவகையாகப் பகுத்துக் கூறுவர்.

முதலாவது பொறிமுறை வடிகட்டல். பஞ்சும் நுரைத்தகடும் மிதக்கும் தூசியையும் கழிவையும் பிடித்து நிறுத்தும். நீரைத் தெளியச் செய்வது இதுவே. ஆயின் பஞ்சில் சிக்கிய கழிவு நீரை விட்டு நீங்கியதாகாது. அங்கேயே இருந்து அழுகி அம்மோனியாவைத் தரும். எனவே மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை பஞ்சை எடுத்து அலசுதல் அல்லது மாற்றுதல் வேண்டும்.

இரண்டாவது வேதிமுறை வடிகட்டல். செறிவூட்டிய கரி, நீரில் கரைந்துள்ள மஞ்சள் நிறப்பொருளையும் நாற்றத்தையும் ஈர்த்துக்கொள்ளும். அம்மோனியாவை அது அகற்றாது. நன்னீரில் அம்மோனியாவை ஈர்க்கும் சியோலைட்டு என்னும் கனிமமும் கடல்நீரில் பயன்படுவதில்லை. கடல்நீரில் நிறைந்துள்ள சோடியம் முதலிய அயனிகள் அதன் இடங்களை நிரப்பிவிடுவதே காரணம். இவ்வுண்மை அறியாது பொருளை வீணாக்குவோர் பலர்.

புரோட்டீன் ஸ்கிம்மர் எனப்படும் நுரைபிரிப்பானையும் இவ்வகையிற் சேர்த்து எண்ணலாம். அலை மோதும் கரையில் வெண்ணுரை திரண்டு காற்றில் உருள்வதைக் காண்கிறோம். நீரில் கரைந்த புரதம் முதலியன காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் அந்நுரை திரள்கிறது. இக்கருவி ஒரு குழாய்க்குள் எண்ணற்ற நுண்குமிழிகளை எழுப்பி, ஒட்டிய கழிவை நுரையாக மேலேற்றி, தனிக்கிண்ணத்தில் சேர்க்கிறது. கழிவு அழுகி அம்மோனியாவாகும் முன்பே நீரிலிருந்து அகற்றப்பெறுவது இதன் சிறப்பு. உப்புநீரில் குமிழிகள் மிக நுண்ணியவாய் நெடுநேரம் நிற்கும். நன்னீரில் அவ்வாறு நில்லாமையால் இக்கருவி அங்குப் பெரிதும் பயன்படாது.

மூன்றாவது உயிரியல் வடிகட்டல். மேலே கூறிய நுண்ணுயிர்கள் குடியேறி வாழ்வதற்கு இடமளிப்பதே இது. அவை நீரில் மிதப்பதினும் பரப்புகளில் ஒட்டி வாழ்வதே மிகுதி. ஆதலால் நுண்துளைகள் மிக்க கற்களும் பீங்கான் வளையங்களும் இதற்கு ஏற்றவை. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் மெல்லிய காற்றோட்டத்தையும் மட்டுமே கொண்டு தொட்டிகளைப் பேணிய தம் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். பாறையின் புறத்துளைகளில் அம்மோனியாவை மாற்றும் உயிர்களும், உயிர்வளி எட்டாத உட்பகுதியில் நைட்ரேட்டை நைட்ரசன் வளியாக மாற்றும் உயிர்களும் வாழ்கின்றன என்பது இம்முறையின் அடிப்படை.

முதலிரு வகைகளும் துணைகளே. மூன்றாவது வகையே தொட்டியின் உயிர்நாடி.

அமைக்கும் முறை

முதல் தொட்டி மிகச் சிறிதாயிருத்தல் கூடாது. நீர் மிகுந்தால் பிழையைத் தாங்கும் ஆற்றலும் மிகும். 200 லிட்டர் அளவு தொடங்குவோர்க்கு ஏற்றது. காட்சித் தொட்டியின் கீழே அடித்தொட்டி ஒன்றை அமைத்து, மேலிருந்து வழியும் நீர் முதலில் பஞ்சையும், அடுத்து நுரைபிரிப்பானையும், பின்னர் துளைக்கற்களையும் கடந்து, மின்னிறைப்பான் வழியே மீண்டும் மேலேறுமாறு செய்க. கழிவு முன்னரே பிடிபடுவதால் துளைக்கற்கள் அடைபடாமல் இருக்கும். தொட்டியின் நீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் ஐந்து முதல் பத்து முறை சுழன்று வருதல் நன்று.

குழாய்நீரில் குளோரின் கலந்திருத்தல் கூடும். அது நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆர்.ஓ. முறையில் தூய்மை செய்த நீரே சிறந்தது. சமையல் உப்பு கடல்நீராகாது. கடலிலுள்ள பலவகை உப்புகளும் அடங்கிய கலவையையே லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் வரை கரைத்தல் வேண்டும். அடர்த்திமானியில் 1.025 என்னும் அளவும், வெப்பமானியில் 25 முதல் 27 பாகை செல்சியசும் காட்டுமாறு பார்த்துக்கொள்க. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆதலின் குறைந்த அளவை நன்னீர் கொண்டே நிரப்புதல் வேண்டும். உப்புநீர் தெறிக்கும் இடமாதலால் மின்கசிவுக் காப்புக் கருவி இன்றி இணைப்புகள் தருதல் ஆகாது.

காத்திருக்கும் காலம்

எல்லாம் பொருத்தியபின் மீன் விடாமல் காத்திருத்தல் வேண்டும். நுண்ணுயிர்களுக்கு உணவாக ஓர் இறால் துண்டை இடலாம். அல்லது அம்மோனியம் குளோரைடை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா அளவில் சேர்க்கலாம். உறுதிமிக்க சிறு மீன்களை முதலில் விட்டு அவற்றின் கழிவால் தொட்டியைப் பழக்கும் வழக்கமும் உண்டு. உயிரை வதைத்து நீரைப் பழக்கும் அம்முறையை நாம் ஏற்பதற்கில்லை.

இரண்டு நாள்களுக்கு ஒருமுறை சோதனைக் கரைசல்களால் நீரை ஆய்ந்து குறித்து வருக. முதலில் அம்மோனியா உயரும். அது தாழத் தொடங்கும்போது நைட்ரைட்டு உயரும். பின்னர் அதுவும் தாழ, நைட்ரேட்டு தோன்றும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் முற்றும் மறைந்து, நைட்ரைட்டும் காணப்பெறாத நிலை வந்தால் வடிகட்டி உயிர்பெற்றது எனக் கொள்க. அதன்பின் நீரில் ஒரு பகுதியை மாற்றி, முதலில் ஒரு மீனை மட்டும் விடுக. கழிவு பெருகும் அளவிற்கே நுண்ணுயிரும் பெருகும். எனவே அடுத்த மீனுக்குச் சில வாரங்கள் இடைவெளி தருதல் நன்று.

விலக்க வேண்டிய பிழைகள்

வடிகட்டியின் துளைக்கற்களைக் குழாய்நீரில் பளபளக்கக் கழுவுதல் பெரும்பிழை. பல வாரங்களாகக் குடியேறிய உயிர்கள் சில நொடிகளில் மாண்டுபோகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுக.

மின்தடையையும் கருதுதல் வேண்டும். நீரோட்டம் நின்றால் மூடிய வடிகட்டியினுள் உயிர்வளி சில மணி நேரத்தில் தீர்ந்து, நுண்ணுயிர்கள் மடியும். மின்சாரம் மீண்டதும் அங்குக் கெட்ட நீர் தொட்டியில் பாயும். மின்கலத்தில் இயங்கும் காற்றிறைப்பான் ஒன்றை வைத்திருப்பதும், நெடுநேரத் தடைக்குப்பின் வடிகட்டியின் நீரை வெளியே கொட்டிவிட்டு இயக்குவதும் அறிவுடைமையாகும். நோய்க்கு மருந்திடுவதாயின் தனித்தொட்டியில் இடுக. நைட்ரேட்டைக் குறைக்க, இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வருக.

மற்றொன்றையும் வற்புறுத்திக் கூறல் கடமையாகும். உயிர்ப்பாறை நன்று எனக் கேட்ட மாணவர், இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவிலிருந்து அதனைக் கொணர எண்ணலாகாது. அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. செயற்கைக் கற்களும் உலர்ந்த பீங்கானும், காலம் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும், அதே பணியைச் செய்யும். ஒரு தொட்டி வாழ்வதற்காக ஒரு கடல் தேய்வது முறையன்று.

நிறைவுரை

இரண்டாம் முறை தொட்டி அமைத்தபோது, மீனில்லாத வெறுந்தொட்டியின் முன் நாம் நாற்பது நாள்களுக்கு மேல் அமர்ந்திருந்தோம். காண வந்தவர்கள், 'மீன் எங்கே?' என வினவி நகைத்தனர். குறிப்பேட்டில் அம்மோனியா உயர்ந்து தாழ்ந்ததையும், நைட்ரைட்டு எழுந்து மறைந்ததையும் எழுதிவந்தோம். அதன்பின் விட்ட கோமாளி மீன்கள் இன்றும் வாழ்கின்றன. இரு தொட்டிகளிலும் நீர் ஒன்றுபோலவே தெளிந்திருந்தது. முதல் தொட்டியில் இல்லாததும் இரண்டாம் தொட்டியில் இருந்ததும் கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்க்கூட்டமே.

கண்ணாற் கண்ட தெளிவை நம்பாது, அளந்து அறிந்த தூய்மையையே நம்புதல் வேண்டும் என்பது தொட்டி தரும் பாடம். பிற உயிரொன்றை நம் இல்லத்திற்கு அழைக்கும் முன், அது வாழ்வதற்குரிய இடத்தை முழுமையாக ஆக்கி வைத்தல் நம் கடன். அதற்குரிய நாள்களைப் பொறுமையுடன் கொடுப்போமாக.