குழந்தை எத்தனை கிலோ? தராசுக்கு நேரமில்லாதபோது

வலிப்பு நிற்காத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருகிறவரை, முதலில் தராசுப் பக்கம் போகச் சொல்ல முடியாது. எடை தெரியாமல் ஊசி போடவும் முடியாது. வலிப்பை நிறுத்தும் லோராசெபாம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். இதயம் நின்றிருந்தால் நரம்பு வழியாக அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். டிஃபிப்ரிலேட்டர் ஷாக் கிலோவுக்கு முதலில் 2 ஜூல், அடுத்து 4. ரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தால் 10 சத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 முதல் 5 மில்லி. பெரியவர் என்றால் 'ஒரு ஆம்பூல் போடுங்க சிஸ்டர்' என்று சொல்லிவிடலாம். குழந்தைக்கு எல்லாமே பெருக்கல் கணக்கு.

அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், பயிற்சி மருத்துவர், 108 வண்டியில் வரும் டெக்னீசியன் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எடையில் ஒன்றரைக் கிலோ முன்பின்னாகப் போவது பெரும்பாலும் குழந்தையைக் கொல்லாது. 12 கிலோ குழந்தையை 13 என்று கணித்தால் லோராசெபாம் 1.2க்குப் பதில் 1.3 மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். பதற்றத்தில் ஒரு புள்ளி இடம் மாறி 12 மில்லிகிராம் போனால் மூச்சே நின்றுவிடும். எனவே எடையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கப் போராடுவதைவிட, ஏற்கத்தக்க ஓர் எண்ணை அரை நிமிடத்தில் முடிவு செய்து, மிச்சக் கவனத்தை மருந்துக் கணக்கில் வைப்பதே நல்லது.

முதல் கேள்வி: உண்மையிலேயே எடை போட முடியாதா? குழந்தை விழித்திருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால் போட்டுவிடுங்கள். தாய் குழந்தையோடு தராசில் ஏறட்டும், பிறகு தனியாக ஏறட்டும். கழித்தால் எடை வந்துவிடும். டிஜிட்டல் தராசு பவுண்டில் மாறிக் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; 26 பவுண்டு என்பது ஏறக்குறைய 12 கிலோதான். வலிப்பு, மூச்சுத்திணறல், அதிர்ச்சி நிலை என்றால் தராசை மறந்துவிட வேண்டும்.

அடுத்தது, கூட வந்தவரைக் கேட்பது. வயதை வைத்துப் போடும் எந்தச் சூத்திரத்தைவிடவும் பெற்றோர் சொல்லும் எடை பொதுவாக உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். கேட்கும் விதத்தில் விஷயம் இருக்கிறது. "எத்தனை கிலோ இருப்பான்?" என்றால் தோராயமாக ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். "கடைசியா எப்போம்மா எடை போட்டீங்க? அப்ப எவ்வளவு இருந்துச்சு?" என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியில் எழுதிய எடை, பையில் கசங்கிக் கிடக்கும் பழைய ஓ.பி. சீட்டு எல்லாமே உதவும். சில வாரங்களுக்குள் போட்ட எடை என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். தூக்கி வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இந்தக் கேள்வியில் நேரம் வீணாக்க வேண்டாம். பச்சிளம் குழந்தைக்குப் பிறந்த எடையைக் கேளுங்கள். முதல் சில நாளில் அதில் பத்து சதவீதம் வரை குறைவதும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடுவதும் இயல்பு.

யாருக்கும் எடை தெரியவில்லை என்றால் நீளத்தை அளக்க வேண்டும், வயதுக் கணக்குக்குத் தாவக் கூடாது. ஒரே வயதுப் பிள்ளைகள் எடையில் வெகுவாக வேறுபடுவார்கள்; ஒரே உயரத்தில் இருக்கிறவர்களிடம் அந்த வித்தியாசம் குறைவு. அமெரிக்க மருத்துவர்கள் ஜேம்ஸ் புரோஸ்லோவும் ராபர்ட் லூட்டனும் 1980களில் உருவாக்கிய வண்ண நாடா இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, நாடாவின் சிவப்பு முனையை உச்சந்தலையில் பிடித்து, காலை நீட்டி, குதிகால் விழும் இடத்தில் உள்ள நிறத்தைப் பாருங்கள். குதிகால்தான், கால்விரல் நுனி அல்ல. பாதம் தொங்கிக் கிடக்கும் குழந்தையிடம் இந்தத் தவறு எளிதில் நேரும். ஊதா என்றால் 10-11 கிலோ, மஞ்சள் 12-14, வெள்ளை 15-18, நீலம் 19-23. கடைசி நிறமான பச்சை 36 கிலோவில் முடிகிறது. அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பெரியவர் அளவு டோஸ்தான்.

வண்ண நாடா இல்லாத இடத்தில் சாதாரண தையல் நாடா போதும். சுமாரான உடம்புள்ள குழந்தை 65 செ.மீ. நீளத்தில் சுமார் 7 கிலோ, 75 செ.மீ.யில் 9, 85 செ.மீ.யில் பதினொன்றரை, 100 செ.மீ.யில் 15, 110 செ.மீ.யில் 18 இருக்கும். இதை ஒரு அட்டையில் எழுதி எமர்ஜென்சி டிராலியிலேயே ஒட்டிவிடுங்கள். நாடாவையும் டிராலியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். விலை உயர்ந்த பொருள் என்று அலமாரியில் பூட்டி வைத்து, சாவி பகல் ஷிப்ட் சிஸ்டரிடம் இருந்தால், இரவில் அந்த நாடா இருந்தும் இல்லாததுதான்.

நாடா சொன்னதை அப்படியே ஏற்கவும் கூடாது. அது அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து பிறந்தது. இந்தியக் குழந்தைகளிடம், குறிப்பாக 10 கிலோவைத் தாண்டியவர்களிடம், எடையைச் சுமார் பத்து சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று இங்கே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அளந்த கையோடு குழந்தையின் உடம்பைப் பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா, கை குச்சியாக இருக்கிறதா? நாடா காட்டிய எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். உருண்டு திரண்ட குழந்தை என்றால் நாடா சொல்வது உண்மை எடையைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் அவசர மருந்துகளில் பலவற்றுக்கு உயரத்துக்கு ஏற்ற எடையே சரியான கணக்கு. டெங்கு அதிர்ச்சியில் குண்டான குழந்தைக்கு ஏற்றும் திரவத்தையும் அந்த எடைக்குத்தான் போட வேண்டும். சக்சினைல்கோலின் போன்ற சில மருந்துகளுக்கு மட்டும் உண்மையான எடை வேண்டும். மூச்சுக்குழாய்க்குப் போடும் ட்யூபின் அளவை உடம்பு வாகு பார்த்து மாற்றாதீர்கள். ஒல்லியோ குண்டோ, அது நீளத்தோடு போகிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான பாப்பர் நாடா இந்த உடல்வாகுத் திருத்தத்தை நாடாவிலேயே சேர்த்துவிட்டது. கிடைத்தால் அதுவே மேல்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவைச் செ.மீ.யில் அளந்து, 10ஐக் கழித்து, 3ஆல் பெருக்குங்கள். 18 செ.மீ. என்றால் 24 கிலோ. ஹாங்காங் குழந்தைகளை அளந்து கண்ட கணக்கு இது. சின்னக் குழந்தையிடம் முயல வேண்டாம், 14 செ.மீ. கை உள்ள ஒரு வயதுக் குழந்தையை 12 கிலோ என்று சொல்லிவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் கைச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அந்தக் குழந்தைக்கு வயதுச் சூத்திரம் பொருந்தாது, திரவமும் நிதானமாகவே ஏற வேண்டும்.

வயதுச் சூத்திரம் கடைசி இடத்துக்குரியது. வண்டி வந்துகொண்டிருக்கிறது, "நாலு வயசுப் பையன்" என்று போனில் சொல்கிறார்கள், மருந்தைத் தயாராக வைக்க வேண்டும் என்ற நிலையில் அது உதவும். மூன்று மாதம் முதல் ஒரு வயது வரை மாதத்தோடு 9 கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் ஏழரைக் கிலோ. ஒன்று முதல் ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்ட வேண்டும். நாலு வயதுக்கு 16. சில புத்தகங்கள் வயதோடு 4 கூட்டி இரண்டால் பெருக்கச் சொல்லும். இரண்டும் ஒன்றே, எது சரி என்று வாதிட்டு நேரம் போக்க வேண்டாம். அதற்கு மேல் 12 வயது வரை, வயதை ஏழால் பெருக்கி, 5 கழித்து, இரண்டால் வகுப்பது. எட்டு வயதுக்கு இருபத்தைந்தரை. பிரிட்டனில் பரவிய 'வயது பெருக்கல் 3, கூட்டல் 7' என்ற சூத்திரம் அதே பிள்ளையை 31 கிலோ ஆக்கிவிடும். அரசு மருத்துவமனைக்கு வரும் ஒல்லிப் பிள்ளைகளுக்கு அதைப் போட நான் தயங்குவேன். இன்னொன்று, நம் ஊரில் "ஆறு நடக்குது" என்றால் முடிந்தது ஐந்து. சூத்திரத்துக்கு முடிந்த வயதுதான் வேண்டும்.

எண் கிடைத்துவிட்டது, 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பில் இருப்பவர் அதை உரக்கச் சொல்ல வேண்டும், இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டரில் '12 கிலோ, மதிப்பீடு' என்று எழுதிக் கட்டிலில் ஒட்டுங்கள். அதன் பிறகு ஆளுக்கு ஓர் எடை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மருந்தை மில்லிகிராமிலும் மில்லியிலும் சொல்லுங்கள். அட்ரினலின் ஆம்பூல் 1 மில்லியில் 1 மில்லிகிராம். அதோடு 9 மில்லி சலைன் சேர்த்து 10 மில்லி ஆக்கினால் கிலோவுக்கு 0.1 மில்லி போதும், இந்தக் குழந்தைக்கு 1.2 மில்லி. கலக்காத சிரிஞ்சிலிருந்து அதே 1.2 மில்லி போனால் பத்து மடங்கு. அதனால் கலந்த சிரிஞ்சில் உடனே லேபிள் ஒட்டுங்கள். எந்தக் கணக்கும் பெரியவர் டோஸைத் தாண்டக் கூடாது. இதயம் நின்ற நிலையில் அட்ரினலின் ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம், லோராசெபாம் 4 மில்லிகிராம் எல்லை. இந்த மருந்துகளில் ஒரு சின்னக் குழந்தையின் ஒரு டோஸுக்கு இரண்டாவது ஆம்பூலை உடைக்கத் தேவைப்பட்டால், நிறுத்திக் கணக்கை முதலிலிருந்து பாருங்கள்.

குழந்தை தேறியதும் தராசில் போட்டு, பிளாஸ்டரில் எழுதியதை அடித்துவிட்டு உண்மையான எடையை கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தொடர்ந்து ஓடும் திரவம், ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் புது எடைக்கு மாற்றுங்கள். அதற்குள் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால், எடை அளந்ததா மதிப்பிட்டதா, நாடாவா சூத்திரமா, அதை வைத்து எந்த மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்பதை ரெஃபரல் சீட்டின் மேல்வரியிலேயே எழுதி அனுப்புங்கள்.