கரண்ட் பில்லை எக்ஸெல்லில் சரிபார்ப்போம்

2023 கோடையில், கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு ஈ.பி. பில் 1,653 ரூபாயிலிருந்து 2,046 ரூபாயாக உயர்ந்தது. 488 யூனிட், 512 ஆகியிருந்தது. "24 யூனிட்டுக்கு 393 ரூபாயா? யூனிட் 16 ரூபாய்னு எங்கடா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்டார். நான் சாஃப்ட்வேர் என்ஜினியர், ஆனாலும் பதில் தெரியவில்லை! எக்ஸெல்லைத் திறந்த பிறகுதான் விளங்கியது.

2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். ஒரு புதிய ஷீட்டில் தொடக்கம், கழிவு, அடிப்படை, விகிதம் என நான்கு பத்திகள் போட்டு, கீழ்க்கண்டவற்றை டைப் செய்யுங்கள்.

0 – 0 – 0 – 0
101 – 100 – 0 – 2.25
201 – 200 – 225 – 4.50
401 – 400 – 1125 – 6
501 – 500 – 1950 – 8
601 – 600 – 2750 – 9
801 – 800 – 4550 – 10
1001 – 1000 – 6550 – 11

தனியாக ஒரு செல்லில் உங்கள் யூனிட்டை முழு எண்ணாகக் கொடுங்கள். விலுக்அப் ஃபங்ஷன் அந்த எண்ணை முதல் பத்தியில் தேடி, பொருந்தும் வரிசையின் மற்ற மூன்று மதிப்புகளையும் எடுத்துத் தரும். கடைசி ஆர்குமெண்ட் ட்ரூ என்றே இருக்க வேண்டும். யூனிட்டிலிருந்து கழிவைக் கழித்து, விகிதத்தால் பெருக்கி, அடிப்படையைக் கூட்டினால் பில் தொகை.

இப்போது 500 கொடுத்து எண்டர் தட்டுங்கள். 1,725 வரும். அடுத்து 501. என்ன, 1,958 ஆகிவிட்டதா? ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! காரணம் இதுதான்: 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.25 ரூபாய் மானியம் பறிபோகிறது. அதுவே 225 ரூபாய். மீதி 8 ரூபாய் அந்த 501-வது யூனிட்டுக்கு. அம்மாவின் 16 ரூபாய் புதிரும் இதுவே.

ஆகவே ரீடிங் எடுத்த 45-ம் நாள் மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். கேடபிள்யூஹெச் என்று காட்டும் எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள். 375 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால், அதே வேகத்தில் 60-ம் நாளில் 500-ஐத் தாண்டிவிடும்.

பில்லுக்கு கார்டிலோ யூபிஐயிலோ ஆட்டோபே போட்டிருக்கிறீர்களா? 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அதில் உள்ள தொகையை ஷீட்டுடன் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா? அந்த ஒரு தவணையை மட்டும் நிறுத்தவும் வசதி உண்டு. உச்சவரம்பை மழைக்கால பில்லைப் பார்த்து வைக்காதீர்கள், மே மாத பில் அதில் அடங்காது.

2024 ஜூலையில் விகிதங்கள் மாறின. எப்போது மாறினாலும் விகிதத்தோடு அடிப்படைத் தொகையையும் திருத்துங்கள். நான் முதல் தடவை அதை மறந்துவிட்டு, பில்தான் தப்பு என்று அம்மாவிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.