நீரிழிவுடையார் உணவில் அளவு என்பது எவ்வளவு?

நீரிழிவு உடையவர் அரிசியையும் ஏனைய தானியங்களையும் அறவே விலக்க வேண்டுமா, எல்லாவற்றையும் அளவோடு உண்டால் போதுமா என்னும் வினா இன்று உறவினர் கூடுமிடமெல்லாம் எழுகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேர் இந்நோய் உடையவர். தமிழகத்தில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினால்வருக்கு மேல். இதில் நமக்கு மட்டும் ஓர் இடர் கூடுதலாக உண்டு. "முட்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் சர்க்கரை இறங்காது" என்று நலம் விரும்புவோரே கூறும்போது, வாழ்நாள் முழுதும் கொல்லாமை காத்த முதியோர் மனம் தடுமாறுகின்றனர். உடலா, விரதமா என்று அவர்களைக் கேட்பதற்கு முன்னர் இரு தரப்புக் கூற்றையும் ஆராய்தல் நம் கடன்.

தானியத்தை விலக்குவோர் கூறுவது யாது? மனித இனம் உழவு கற்று ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளே ஆயின. அதற்கு முன் நெடுங்காலம் வேட்டையாடியும் காய், கனி, கொட்டைகளைத் திரட்டியும் வாழ்ந்தது. ஆதலின் நம் உடல் அவ்வுணவுக்கே இயைந்தது என்பர். தானியம், பருப்பு, சர்க்கரை மூன்றையும் நீக்கி இறைச்சி, முட்டை, கொட்டை, காய்கறி உண்ணச் சொல்வர். 1985ஆம் ஆண்டு ஈட்டன், கானர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரை இதற்கு வித்திட்டது. தமிழில் நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' என்னும் நூல் இதனைப் பலரும் அறியச் செய்தது. மரக்கறி உண்போர்க்கு இம்முறையினர் ஒரு வேளைக்கு நூறு பாதாம் பருப்பு, பனீர், தேங்காய், காளான் என்று வழி கூறுவர். காளான் நமக்கு ஆகாது. நூறு பாதாமின் விலையை ஓய்வூதியம் பெறுவோர் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

இக்கூற்றில் உண்மை உண்டா எனின், உண்டு. நாம் உண்ணும் மாவுச்சத்து குடலில் செரித்துக் குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றது. இன்சுலின் 1921இல் டொராண்டோ நகரில் கண்டறியப்படும் முன்னர் மாவுச்சத்தைக் குறைப்பதும் பட்டினியுமே மருத்துவமாக இருந்தன. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையும், குருதிச் சர்க்கரையைத் தணிப்பதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்கே சான்று மிகுதி என்று ஒப்புக்கொண்டது. இதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் 'முன்னோர் உணவு' என்னும் பெயரை யாம் ஏற்பதற்கில்லை. எவருடைய முன்னோர்? தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களின் அகழாய்வில் நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியங்களும் கரிந்த மணிகளாகக் கிடைத்துள்ளன. எம் அயோத்தியாப்பட்டணத்தைச் சூழ்ந்த சேலம் சமவெளியில் கம்பும் சோளமும் கேழ்வரகும் அன்றாட உணவு. நெற்சோறு விழாநாள் உணவு. இதைக் கேட்டவுடன், "அப்படியாயின் கேழ்வரகுக் களி உண்டால் சர்க்கரை ஏறாது அல்லவா?" என்பார் உளர். ஏறும். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உளது எனில், கேழ்வரகில் 67, கம்பில் 62. நார்ச்சத்து மிகுதி என்பதால் சிறுதானியம் மேலானது. அளவின்றி உண்ணத் தக்கதன்று. பாட்டனார் களி உண்டு பகலெல்லாம் ஏர் உழுதார். நாம் களி மட்டும் உண்கின்றோம்.

எம் வட்டாரத்து ஜவ்வரிசியைப் பற்றியும் ஒரு சொல். சேலத்து ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, ஊருக்குப் பெருமையே. எனினும் அதில் மாவுச்சத்தன்றி வேறு சத்து மிகச் சிறிதே. நோன்பு முடித்து ஜவ்வரிசிக் கஞ்சி அருந்துதல் நீரிழிவுடையார்க்கு ஏற்றதன்று. அது மரவள்ளிக்கிழங்கின் மாவு என்பதைக் கிழங்கு விலக்கிய இல்லத்தாரும் மறந்துவிடுகின்றனர்!

இனி, 'எல்லாம் அளவோடு' என்போர் கூற்று. கேட்க இனியது, ஆயினும் அளவு எவ்வளவு என்று அவர்கள் கூறுவதில்லை. வகுப்பறையில் "சிறியதொரு கோடு வரைக" என்றால் நாற்பது பிள்ளைகளும் நாற்பது நீளத்தில் வரைவர். அளவுகோல் தந்தாலன்றி அது பாடமாகாது. குவித்த சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு 'அளவோடு உண்கின்றேன்' என்பாரை நாம் அறிவோம்.

அளவுகோல் தேடினால் சென்னையிலேயே கிடைக்கின்றது. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நாட்டின் முதல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் மா. விசுவநாதன், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிக்க உணவைப் பரிந்துரைத்தவர். அவர்தம் மைந்தர் மருத்துவர் வே. மோகன் உள்ளிட்டோர் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவோ மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கின்றது. தந்தைக்கும் மைந்தர்க்கும் முரண்பாடு போலத் தோன்றும். நார்ச்சத்து வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே. புதிதாக நீரிழிவு கண்டவர், மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதம் மட்டும் மாவுச்சத்திலிருந்தும், 19 முதல் 20 சதவீதம் புரதத்திலிருந்தும் பெறுதல் நன்று என்பது அம்முடிவு. இது கணித முறையால் கண்ட மதிப்பீடு. உண்பித்துப் பார்த்த சோதனை அன்று. எனினும் தானியத்தை அறவே நீக்குக என்று அது கூறவில்லை என்பது கருதத்தக்கது.

இதனைச் சமையலறைக் கணக்காக்குவோம். உடலுழைப்புக் குறைந்த முதியவர்க்கு நாளொன்றுக்கு 1500 கலோரி என்று கொள்க. அதிற் பாதி 750. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருமாதலின் ஏறத்தாழ 188 கிராம். பருப்பும் பயறும் 80 கிராம் எனில் அவற்றில் 45 கிராம். பாலும் தயிரும் 400 மில்லியில் 20 கிராம். காய்கறி, ஒரு பழம் ஆகியவற்றில் 30 கிராம். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 93. அதற்கு ஈடான அரிசி ஏறத்தாழ 120 கிராம். பழைய ஆழாக்கில் ஓர் ஆழாக்குக்கும் சற்றுக் குறைவு. இட்லி மாவில் அடங்கிய அரிசியும் உட்பட நாள் முழுமைக்கும் அவ்வளவே. பலர் இதனை ஒரே வேளையில் உண்கின்றனர்.

புரதக் கணக்கே நமக்குக் கடினம். 1500 கலோரியில் 20 சதவீதம் என்பது 75 கிராம். முட்டையின்றி அதனை முழுதும் எட்டுவது எளிதன்று. கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, சோயா, பனீர், தயிர் இவற்றை நாள்தோறும் சேர்த்தால் அறுபதை நெருங்கலாம். சிறுநீரகம் பழுதுற்றவர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

இறைச்சியும் முட்டையும் இன்றி நோய் தணியாது என்பதற்கு மறுப்பாக ஒன்று கூறுவோம். பிரிட்டனில் நடைபெற்று 2017இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தரும் உணவு அளித்தனர். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேர் மாத்திரையின்றியே நீரிழிவின் எல்லையிலிருந்து மீண்டனர். அவ்வுணவிற் பாதிக்கு மேல் மாவுச்சத்தே! அவர்கள் பருமனானவர், மெலிந்தவர்க்கு அது பொருந்தாது, மருத்துவர் கண்காணிப்பின்றிச் செய்யத் தக்கதும் அன்று. ஆனால் மொத்த அளவைக் குறைத்தலே அங்குப் பயன் தந்தது. தத்துவார்த்த சூத்திரத்தில் புறத்தவம் ஆறனுள் அனசனத்தை அடுத்து அவமோதரியம் வைக்கப்பட்டுள்ளது. ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் என முழு உணவை வரையறுத்து, அதனினும் குறைய உண்ணுதல் என்று பெரியோர் அதற்கு அளவும் கூறினர். அளவுகோல் நம்மிடம் முன்னரே இருந்தது.

இறுதியாக நோன்பு பற்றி. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், மருந்தை மாற்றாமல் உணவைக் குறைத்தாலும் நோன்பிருந்தாலும் சர்க்கரை 70க்கும் கீழ் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பின் மயக்கம். டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் கொள்வோர்க்கு வேறோர் இடர்: உண்ணாதிருந்தாலும் மாவுச்சத்தை அறவே நீக்கினாலும், சர்க்கரை மிக உயராமலே குருதியில் அமிலம் மிகுந்து உயிருக்கு ஊறு நேரலாம். கதிரவன் மறைந்தபின் உண்ணாதார், மாலை மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ளல் வேண்டும். இரவில் சர்க்கரை தாழ்ந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுப்பது மருந்து. அதற்கு விலக்கு வைத்தே விரதம் ஏற்கலாமா என்று முனிவரிடமோ பெரியோரிடமோ முன்னரே கேட்டுத் தெளிக. மயங்கிக் கிடப்பவரிடம் அதனைக் கேட்க இயலாது. அவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. தசலட்சண பருவத்திற்கு இரண்டு வாரம் முன்னதாகவே மருந்துச் சீட்டுடன் மருத்துவரைக் கண்டு, எந்நாளில் எம்மாத்திரையை நிறுத்துவது, எதனைக் குறைப்பது என்று எழுதி வாங்கி, வீட்டார் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்க.