செத்த பெட்டிக்கு உயிர் வரும் வழி

மளிகை வணிகர்கள் படிக்கும் இதழில் விளையாட்டுப் பெட்டிக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். இன்று நம் கல்லாவில் உள்ள பில் மெஷினும் எடை மெஷினும் உள்ளே எழுதி வைத்த புரோகிராமைக் கொண்டே ஓடுகின்றன. அதை மாற்றி எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும், மீட்க வழி உண்டா என்பதை நாம் கற்றுக்கொண்டது பேரனின் பழைய பெட்டியில்தான்.

ஜப்பானின் சோனி கம்பெனி 2004 டிசம்பரில் வெளியிட்ட பி.எஸ்.பி. என்னும் கைப்பெட்டி அது. கம்பெனி புரோகிராமுக்குப் பதிலாக வெளியார் திருத்திய புரோகிராமை ஏற்றுவதைப் பையன்கள் 'மாட்' என்கிறார்கள். கம்பெனி ஒப்பாத வேலை இது, வாரண்டியும் கிடையாது. பேரன் ஏற்றிக் கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்துவிட்டது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. ரிப்பேர் கடையில் போர்டு போய்விட்டது என்றார்கள். போர்டுக்குச் சொன்ன விலைக்கு வேறு பெட்டியே வாங்கலாம்.

போர்டு போகவில்லை. சுவிட்ச் போட்டவுடன் முதலில் ஓடுவது, பிராசசர் சிப்பிலேயே அழிக்க முடியாதபடி பொறித்த ஒரு சிறு புரோகிராம். அது 32 எம்.பி. அளவுள்ள நினைவகத்திலிருந்து அடுத்த புரோகிராமை எடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கும். அங்கே பாதி எழுதிய சரக்கு இருந்தால் அப்படியே நின்றுவிடும். குமாஸ்தா கடை திறந்து உட்கார்ந்திருக்கிறார், பேரேட்டில் பக்கங்களைக் காணோம் என்ற நிலைதான்.

சர்வீஸ் செய்பவர்களுக்கென்று கம்பெனி ஒரு பக்கவாசல் வைத்திருந்தது. பேட்டரிக்குள் ஒரு சிறு சிப்பில் வரிசை எண் இருக்கிறது. அந்த எண்ணின் எட்டு இடத்திலும் எஃப் என்ற எழுத்தே இருந்தால், பெட்டி தன் நினைவகத்தை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து புரோகிராமை எடுக்கும். 2007-இல் வெளியார் இதைக் கண்டுபிடித்து 'பண்டோரா பேட்டரி' என்று பெயர் வைத்தார்கள். டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயருடைய ஸ்பெயின் நாட்டுக்காரர் மெமரி ஸ்டிக்குக்கான மீட்புப் புரோகிராமை எழுதினார். அதன் ஸ்பானியப் பெயருக்குக் 'கல்லறை விழித்தெழுதல்' என்று பொருளாம். நல்ல பெயர்தான்.

செய்முறை கடினமில்லை. மாட் செய்த, நன்றாக ஓடும் வேறொரு பி.எஸ்.பி.யில் பேட்டரியைப் போட்டு அதன் எண்ணை மாற்ற வேண்டும். பேட்டரியைப் பிளந்து சிப்பின் ஒரு காலைத் தூக்கிவிடும் வழியும் உண்டு. லித்தியம் பேட்டரியைக் கத்தியால் கீறுவது தீ விபத்து, அது வேண்டாம். உப்பிய பழைய பேட்டரியைத் தொடவே கூடாது. தயார் செய்த மெமரி ஸ்டிக்கை முதலில் செருகி, பிறகு பேட்டரியைப் போட்டால் சுவிட்சைத் தொடாமலே பெட்டி விழிக்கும். திரையில் வரும் பட்டியலில் புரோகிராமை மறுபடி ஏற்றச் சொல்லி, முடிந்ததும் சாதாரண பேட்டரியைப் போடுவதுதான் மீதி.

ஆனால் எல்லா மாடலுக்கும் இது நடக்காது. 1000 வரிசைக்கு நடக்கும். 2000 வரிசையில் கடைசியாக வந்த போர்டுக்கு நடக்காது. 2008-இல் வந்த 3000 வரிசையிலும் கம்பெனி இந்த வாசலை அடைத்துவிட்டது. செத்த பெட்டிகளை லாட்டாக எடுப்பவர்கள் விலை பேசுமுன் மாடல் எண்ணைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு பெட்டியிலும் அதற்கே உரிய அடையாளக் குறிப்புகள் ஒரு மூலையில் இருக்கின்றன. அது அழிந்தால், அந்தப் பெட்டியிலிருந்தே முன்னமே எடுத்து வைத்த நகல் வேண்டும்; அடுத்த பெட்டியின் நகல் உதவாது. பக்கத்துக் கடைப் பேரேட்டை வைத்து நம் பாக்கியை வசூலிக்க முடியுமா? பேரன் நகல் எடுக்கவில்லை. அந்த மூலை கெடாமல் இருந்ததால் 1000 வரிசைப் பெட்டி பிழைத்தது.

அடுத்த வாரம் பில் மெஷின்காரர் அப்டேட் போட வந்தார். கெட்டால் மீட்கும் வழி என்ன, இப்போது உள்ளதற்கு நகல் எங்கே என்று இரண்டு கேள்வி கேட்டோம். முதலாவதற்குப் பதில் சொன்னார். இரண்டாவதற்குச் சிரித்தார். நகல் எடுத்துக் காட்டிய பிறகு கை வைக்கலாம் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.