கடவுச்சொற் காவல்

முற்காலத்துப் படைவீடுகளில் இரவுக் காவலர், குறிச்சொல் கூறுவோரையே உள்ளே செல்ல விடுவர். இருளில் வருபவனது முகம் தெரியாது. ஆதலால் சொல்லே அவனுக்குச் சான்றாகும். அச்சொல்லை நண்பன் கூறினும் வாயில் திறக்கும். பகைவன் கூறினும் திறக்கும். இக்காலத்துக் கணிப்பொறிக்கு வாய்த்த கடவுச்சொல்லும் இத்தன்மையதே.

1961ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைப் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் செய்து காட்டினர். ஒருவருடைய ஏடுகளை மற்றொருவர் காணாதிருத்தற்பொருட்டு அம்முறையில் கடவுச்சொல் இடம்பெற்றது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஒரு விந்தை நிகழ்ந்தது. அன்றாட அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில், தவறுதலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியல் தோன்றிவிட்டது! அது காப்போரிடத்து நேர்ந்த பிழை. உரியவரே தம் கடவுச்சொல்லை எடுத்துப் பிறரிடம் ஒப்படைக்கும் வழக்கமோ, இணையம் பரவிய பின்னரே பெருகியது.

2000ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுகளில் புதிய இணையத்தளங்கள் பல தோன்றின. "உம்முடைய நண்பருள் எவரெவர் இங்கே உளர் எனக் கண்டு கூறுவோம், உம் மின்னஞ்சல் முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும் தருக" என அவற்றுட் பல வேண்டின. மக்களும் தயங்காது தந்தனர். ஒரு மரக்கால் நெல் எடுத்துவர ஆள் அனுப்புவோர், அவனிடம் வீட்டின் கொத்துச் சாவியையே கொடுத்தனுப்புவாரோ? நெற்குதிரைத் திறக்கும் கொத்திலேயே பணப்பெட்டியின் சாவியும் உண்டன்றோ!

கடவுச்சொல்லைப் பகுதியாகக் கொடுத்தல் இயலாது. நண்பர் பெயரைக் காணப் பெற்ற சொல்லைக்கொண்டே கடிதங்களைப் படிக்கலாம். உரியவர் பெயரால் பிறருக்கு எழுதலாம். உள்ளவற்றை அழிக்கவும் செய்யலாம். அன்றியும், வேறு கணக்குகளின் கடவுச்சொல்லை ஒருவர் மறந்தால், புதியது அமைக்கும் மடல் மின்னஞ்சலுக்கே வருகின்றது. ஆகவே மின்னஞ்சலைத் திறக்க வல்லவன் மற்றக் கணக்குகளையும் திறக்க வல்லவனாகின்றான்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. நேர்மையான தளம், தன் வாயிலுக்குரிய கடவுச்சொல்லை மீட்டறிய முடியாத உருவில் திரித்து வைத்தல் கூடும். வருபவர் சொல்வதையும் அவ்வாறே திரித்து ஒப்பிட்டால் போதும். ஆனால், பிறர் வாயிலில் சென்று மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டிய சொல்லை அங்ஙனம் வைத்தல் ஆகாது. மூலச் சொல்லை மீட்கக்கூடிய நிலையிலேயே வைத்தாக வேண்டும். எனவே, அத்தளத்தார் நல்லவரே ஆயினும், அவருடைய பெட்டகம் உடைந்தால் பிறர் சாவியும் களவுபோம்.

அமெரிக்காவிலிருந்த ராக்யூ என்னும் நிறுவனத்தின் கதை இதற்குத் தக்க சான்று. ஒளிப்படங்களை இசையோடு தொடுத்துக் காட்சியாக்க அத்தளம் உதவியது. காட்சியைச் சேமித்து வைக்க விரும்பியோர், மின்னஞ்சல் முகவரியோடு மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் தர வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கள்வர் அத்தளத்துள் நுழைந்தனர். 3 கோடியே 20 இலட்சம் கணக்குகளின் கடவுச்சொற்கள், எத்தகைய மறைப்புமின்றி எழுதியவாறே அவர்கட்குக் கிட்டின. அவற்றுள் மிகப் பலர் கொண்டிருந்த கடவுச்சொல் "123456" என்பதே! பதின்மூன்று வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 1,79,000 பேரிடமிருந்தும் அந்நிறுவனம் முகவரியும் கடவுச்சொல்லும் பெற்றிருந்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2012ஆம் ஆண்டில் 2,50,000 டாலர் தண்டம் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. தண்டம் அரசுக்குச் சேரும். வெளிப்பட்ட சொல்லை மறைக்க எத்தண்டத்தாலும் இயலாது.

சாவியைக் கொடாமலே பணி முடிக்கும் வழியும் பிறந்தது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் 'ஓஆத்' என்னும் நெறி வெளியாயிற்று. 2012இல் அதன் இரண்டாம் வடிவம் வந்தது. இந்நெறியின்படி, உதவி நாடும் தளம் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. உரியவரை அவருடைய மின்னஞ்சல் வாயிலுக்கே அனுப்பிவிடுகின்றது. அவர் அங்கே தம் கடவுச்சொல்லைச் செலுத்துகின்றார். "இத்தளம் உம் நண்பர் பட்டியலைக் காணலாமா?" என மின்னஞ்சல் நிறுவனம் வினவுகின்றது. அவர் இசைந்தால், அவ்வொன்றிற்கு மட்டும் உரிய அனுமதிச் சீட்டு அத்தளத்திற்குச் செல்கின்றது. ஐந்து தளங்கட்குச் சீட்டளித்தவர் ஒன்றை மட்டும் கிழித்தெறியலாம். ஏனைய நான்கும் செல்லுபடியாகும். கடவுச்சொல்லையே ஐவரிடம் தந்தவரோ, ஒருவரை விலக்கவும் அதனை மாற்றியே தீர வேண்டும்.

சீட்டு முறையிலும் வஞ்சம் புகுந்ததுண்டு. 2017ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், கூகுள் நிறுவனத்தின் ஆவணச் சேவையின் பெயரைப் பூண்ட பொய்ச்செயலி ஒன்று, அறிந்தவர் அனுப்பிய மடல்போல் பலருக்கு வந்தது. அனுமதி கேட்ட பக்கம் மெய்யானது, கேட்டவனே பொய்யன். மடல்களைப் படிக்கவும் அனுப்பவும் உரிமை வேண்டும் என்று அப்பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. படியாமல் இசைந்தவர் பெயரால் அவர்தம் நண்பர்க்கும் அதே மடல் சென்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கூகுள் அதனைத் தடுத்து நிறுத்தியது. அங்ஙனம் அளித்த சீட்டுகளின் பட்டியல் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் காணப்படும். வேண்டாதவற்றை உரியவர் அங்கேயே நீக்கிவிடலாம்.